பக்கத்து விமான நிலையம்

தம்பி, அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் இருப்பது கமெராதானே? நினைத்தேன். முகத்தைப் பார்த்ததும் நம்மவர் என்று தெரிந்தது. பெட்டியைப் பார்த்ததும் எங்கே போகிறீர்கள் என்பதும் தெரிந்துவிட்டது. ஸ்கார்விக். வில்வராசா வீட்டுக் கல்யாணம். ஒஸ்லோவிலிருந்து வீடியோக்காரர் வருகிறார் என்று என் மனிசி தொலைபேசியில் பெருமையடித்தாள். இருங்கள், இருங்கள். அந்தக் கதிரை வேண்டாம், யாரோ கோப்பியை ஊற்றிவிட்டுப் போயிருக்கிறான். இங்கே இப்படித்தான். ஒன்றையும் துடைக்க மாட்டார்கள்.

ஸ்கார்விக்கில் காற்று, கொஞ்சம் இறங்கி உள்ளே போய் இருங்கள் என்று சொல்லியிருப்பார்களே? சொல்வார்கள். நானும் அதே பிளேனுக்குத்தான் இருக்கிறேன். நான் பெண்ணின் தாய்மாமன். பெண்ணின் தாய், வில்வராசாவின் மனிசி புவனா, என் கூடப்பிறந்த தங்கை. என் பெயர் தவபாலன். கல்யாணப் பத்திரிகையில் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். நாளைக் காலையில் தாலிகட்டு. இந்தப் பிளேனை விட்டால் அதற்கு முன் வேறு பிளேன் இல்லை.

கண்ணாடிக்கு வெளியே பாருங்கள். கம்பத்தில் செம்மஞ்சள் துணிக்குழாய் ஒன்று கட்டியிருக்கிறதா? அது அப்படி விறைத்து நின்றால் காற்று பலம் என்று அர்த்தம். இந்தக் காற்றுக்கு ஸ்கார்விக்கில் ஒரு பிளேனும் இறங்காது. எழுதித் தருகிறேன். பசித்தால் அங்கே உருண்டுகொண்டிருக்கிற சொசேஜை மட்டும் வாங்கிவிடாதீர்கள். நேற்றும் அதே இரண்டுதான் உருண்டன. நேற்றும் வந்தேன். சும்மாதான், காற்று எப்படி என்று பார்க்க.

வரைபடத்தில் பார்த்தால் சிரிப்பீர்கள். இந்த ஹாவ்நெஸ்ஸுக்கும் அந்த ஸ்கார்விக்குக்கும் நடுவில் ஒரு விரல் அகலம். அந்த விரலுக்குள் ஒரு மலையும் உள்ளே நுழைந்த ஒரு கடலும் கிடக்கின்றன. பிளேன் ஏறினால் இருபத்தைந்து நிமிடம். காரில் என்றால் கடலைச் சுற்ற வேண்டும், மலையைச் சுற்ற வேண்டும். விடியப் புறப்பட்டவன் இருட்டித்தான் போய்ச் சேருவான். கோடையில் இங்கே இருட்டுவதும் இல்லை, ஆகவே போய்ச் சேர்ந்தோமா என்றே தெரியாது. மாரியில் பாதையே இல்லை. யாராவது கேட்டால் தங்கை பக்கத்து ஊரில் இருக்கிறாள் என்று சொல்வேன். பக்கத்து ஊர் இல்லை தம்பி, பக்கத்து விமான நிலையம். இரண்டும் வேறு. பக்கத்து ஊருக்கு நடந்து போகலாம், கோபித்துக்கொண்டு நடந்து திரும்பியும் வரலாம். இங்கே கோபத்துக்கும் டிக்கெட் எடுக்க வேண்டும்.

நீங்கள் வீடியோ எடுப்பவர். உங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். பிளேன் எப்படியும் போகப்போவதில்லை, கேளுங்கள்.

பன்னிரண்டு வருடம் இருக்கும். மருமகள் ஆரணி, இந்தக் கல்யாணப் பெண்தான், பெரியபிள்ளையாகி, ஸ்கார்விக்கில் சாமத்தியச் சடங்கு வைத்தார்கள். அப்போதும் இதே மாசி மாதம். என் மனிசி திலகம் பலகாரம் சுடுவதற்கு ஒரு கிழமை முந்தியே போய்விட்டாள். அவளுக்குப் பிளேன் எப்போதும் இறங்கும். எனக்குத்தான் இறங்காது. நான் வேலை செய்கிற மீன் தொழிற்சாலையில் லீவு தரவில்லை. மாசியில் மீன் குவிகிற காலம், முதல் நாள் பின்னேரம்வரை வெட்டினேன். குளித்தேன், மறுபடி குளித்தேன், அப்படியும் விரலை மோந்தால் மீன். முப்பது வருடமாக இந்த மணம். சோற்றுக்குள் மணக்கும், தலையணைக்குள் மணக்கும். அந்தக் கையோடு, பிள்ளையின் தலையில் பாலில் தோய்த்த அறுகு வைக்கப் போகிறேனே என்று எனக்கே அருவருப்பாக இருந்தது.

அறுகு என்றால் இங்கே சும்மா கிடைக்காது. வெளியே ஆளுயரப் பனி, கீழே பாறை. ஒஸ்லோவில் ஒரு கடைக்காரர் வீட்டு யன்னலில் தொட்டியில் வளர்த்தார். அவரைக் கெஞ்சி வேரோடு அனுப்பச் சொல்லி, ஈரத்துணியில் சுற்றி, ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் வைத்து, சடங்கன்று காலை மடியில் வைத்துக்கொண்டு பிளேன் ஏறினேன்.

ஸ்கார்விக்குக்கு மேலே வந்துவிட்டோம், தம்பி. கண்ணால் பார்த்தேன். சடங்கு நடக்கிற பள்ளிக்கூட மண்டபத்தின் கூரையைப் பார்த்தேன். வாசலில் வில்வராசாவின் நீலக் காரைப் பார்த்தேன். சக்கரமும் இறக்கிவிட்டார்கள். அப்போது காற்று ஒரு பக்கம் தூக்கிப் போட்டது. பிளேன் மூக்கை நிமிர்த்திக்கொண்டு மேலே போய்விட்டது. பக்கத்தில் இருந்த நோர்வேக்காரர் பேப்பரில் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அவ்வளவுதான். ஒரு ஊரைத் தாண்டிப் போகிறார்கள், ஒரு மன்னிப்பு இல்லை. அடுத்த விமான நிலையத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். அது இதையும்விடச் சின்னது. இங்கே சொசேஜாவது உருளுகிறது.

ஸ்கார்விக் போகிறவர்களுக்கு வாசலில் பஸ் நிற்கிறது என்றார்கள். பனி வாருகிற வண்டி முன்னால் போக, வாகனங்கள் எல்லாம் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு பின்னால் மலை ஏற வேண்டும். அதைக் கொலோன என்பார்கள். அதே பிளேனில் நாதன் என்று ஒருவன் வந்தான். ஸ்கார்விக்கில் மீன் வெட்டுகிறவன். பல்லுக் கட்டப் போய்விட்டுத் திரும்பி வருகிறான். அவனுக்கும் எங்களுக்கும் ஊர் ஒன்றில்லை, உறவு ஒன்றில்லை.

"அண்ணை, வாங்கோ, பஸ்ஸில இடம் இருக்கு. ரண்டு மணித்தியாலத்தில போயிடலாம்" என்றான்.

நான் வில்வராசாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"மச்சான், அந்த பஸ்ஸில ஏறி வாங்கோ. ஐயரும் வந்திட்டார். உங்களைத்தான் பாத்துக்கொண்டு இருக்கிறம்."

"கூப்பிட ஒருத்தரும் வரேல்லையோ?"

"என்ன மச்சான் பகிடியே விடுறியள்? மலைப்பாதை பூட்டிக் கிடக்கு. இஞ்சையிருந்து வெளிக்கிடுற கொலோன மத்தியானந்தான். ஏறி வாங்கோ கெதியா."

கேட்டீர்களா? ஏறி வாங்கோ. மீன் பெட்டிக்குச் சொல்வதுபோல.

தாய்மாமன் என்றால் யார், தம்பி? தேங்காய் உடைக்கிறவன் மட்டுமா? எங்கள் ஊரில் என் மாமி மகளின் சடங்குக்கு அப்பாவைக் கூப்பிட மேளத்தோடு வந்தார்கள். மாமி வீடு நாலு வேலி தள்ளித்தான். பொரிக்கிற பலகார மணம் எங்கள் முற்றத்துக்கு வரும். அப்பா வேட்டி கட்டி, சால்வை போட்டு, உள்ளே கதிரையில் அசையாமல் இருந்தார், மேளம் படலைக்கு வரும்வரை. நான் மேளமா கேட்டேன்? அந்தப் பனிக்குள் மேளக்காரனை எங்கே பிடிப்பது? ஒரு ஆள் வந்து, வாங்கோ என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் கேட்டேன்.

நாதன் வாங்கோ என்றான்தான். நாதன் யார்?

பஸ் சத்தம் போட்டது. அவன் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "அப்ப அறுகையாவது தாங்கோ அண்ணை, குடுத்துவிடுறன்" என்றான். எப்படிக் கொடுப்பது? மீன் வெட்டுகிற கை. நானும் மீன்தான் வெட்டுகிறேன், அது வேறு. நான் தகரத்தை மடியிலேயே வைத்துக்கொண்டேன். பஸ் போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் அதே பிளேன் திரும்பி வருவதற்குப் புறப்பட்டது. நான் என்ன செய்ய? அங்கேயே கிடப்பதா? ஹாவ்நெஸ்ஸுக்குத் திரும்பிப் போகிறேன் என்று சொல்லி ஏறினேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், வழியில் காற்று விழுந்துவிட்டது. பிளேன் ஸ்கார்விக்கில் இறங்கியது. நல்ல பூனை மாதிரி இறங்கியது. கதவைத் திறந்தார்கள். மூன்று பேர் இறங்கினார்கள். குளிர் உள்ளே வந்து காலைப் பிடித்தது. கதவு திறந்தபடி எவ்வளவு நேரம் நின்றது தெரியுமா? நான் கண்ணாடியால் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீலக் கார் இல்லை. ஒருத்தரும் வரவில்லை. கணக்குப் பார்த்தால் நாதனின் பஸ் அப்போது மலை உச்சிக்குக்கூட வந்திருக்காது. அவனுக்கு முன்னமே நான் ஸ்கார்விக்கில் இருந்தேன். பிளேனுக்குள் இருந்தேன். வந்து கூப்பிட்டிருக்கலாமே? வரவில்லை. கதவைப் பூட்டினார்கள். என்னை வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள்.

பிறகு வீடியோ வந்தது.

கோபிக்காதீர்கள், உங்கள் தொழிலைச் சொல்லவில்லை. ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். பேஸ்கட்போல் வளையத்துக்குக் கீழே சிம்மாசனம். அதில் பிள்ளையை இருத்தி, எங்கிருந்தோ வெள்ளைப் புகையை விடுகிறார்கள். பிள்ளை இருமுகிறாள். இருமுவதையும் விடாமல் எடுத்திருக்கிறான் உங்கள் தொழிற்காரன். அதற்குப் பிறகு வருகிறான் நாதன். யாருடையதோ வேட்டி. வேட்டிக்குக் கீழே கம்பளிக் காற்சட்டை, சாம்பல் நிறம். தேங்காய் உடைக்கிறான். என் இடத்தில் நின்று, பால் கிண்ணத்தை எடுத்து, அறுகு இல்லை பாருங்கள், வெங்காயத்தாள்! பிள்ளையின் தலையில் வெங்காயத்தாள் வைக்கிறான்! ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டு நிற்கிறார்.

மாமனுக்குப் பக்கத்தில் மாமி நிற்க வேண்டும் அல்லவா? நிற்கிறாள். என் மனிசி திலகம். நாதனுக்குப் பக்கத்தில். பச்சைச் சேலை. சிரித்துக்கொண்டு நிற்கிறாள்.

கேட்டேன். "நான் என்ன செய்யிறது? ஐயருக்கு ரண்டு மணிக்குப் பிளேன். உங்களுக்காக அந்த மனிசன் இஞ்சை கிடக்கிறதோ?" என்றாள். "சிரிச்சது ஏன்?" என்றேன். "வீடியோ எண்டால் சிரிக்கத்தானே வேணும்" என்றாள்.

அருவருப்பு, தம்பி. வேறு சொல் இல்லை. வீடியோவில் இன்னொன்றும் இருக்கிறது, அந்த இடத்தில் நாதன் வெங்காயத்தாளை வைத்துவிட்டு ஒரு கணம் கையை எடுக்காமல் நிற்பான். பிள்ளை நிமிர்ந்து பார்ப்பாள். அவனைப் பார்க்க மாட்டாள், வாசல் பக்கம் பார்ப்பாள். பிறகு குனிந்துவிடுவாள். பத்துத் தடவைக்கு மேல் பார்த்தால்தான் அது தெரியும். பார்க்கக்கூடாது என்றுதான் ஒவ்வொரு முறையும் நினைக்கிறேன்.

அந்த அறுகை என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? எறிய மனம் வரவில்லை. வேரோடு இருந்தது, ஒரு தொட்டியில் வைத்தேன். இங்கே மாரியில் இரண்டு மாதம் சூரியனே இல்லை. அதற்கென்று ஒரு விளக்கு வாங்கிப் போட்டேன். இன்றைக்கும் இருக்கிறது. இதோ, மடியில் இருக்கிற தகரம் அதே தகரம்தான். உள்ளே இருப்பதும் அந்த வேரில் வந்த புல்தான். நாளைக்கு மாப்பிள்ளை பெண்ணுக்கு அறுகரிசி போட.

நான் என்னைக் கேட்டுப் பார்க்காத ஆள் இல்லை. மீன் வெட்டுகிற வேலையில் கைக்குத்தான் வேலை, தலை சும்மா இருக்கும். சும்மா இருக்கிற தலை சும்மா இருக்காது. தவபாலன், உன்னில் பிழை ஏதும் இருக்கிறதா என்று கேட்பேன். சில நாள், இருக்கிறது என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். தொலைபேசியில் அன்றைக்குக் குரலை உயர்த்தியிருக்கக் கூடாது. வேறு பிழை தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை.

சரி, பழையதை விடுவோம். இந்தக் கல்யாணத்துக்கு வருவோம். தாய்மாமனுக்குப் பத்திரிகையை எப்படிக் கொடுக்க வேண்டும்? வீட்டுக்கு வந்து, தட்டத்தில் வைத்து, கையில் தர வேண்டும். எனக்குத் தபாலில் வந்தது. மின்சாரக் கட்டணத்தோடு சேர்ந்து வந்து கிடந்தது.

வில்வராசா தொலைபேசியில் என்ன சொன்னான் தெரியுமா? "மச்சான், நான் தட்டத்தோட வெளிக்கிட்டு வந்தனான். ஹாவ்நெஸ்ஸுக்கு மேல ரண்டு தரம் சுத்தினவங்கள். இறங்க ஏலாமல் திரும்பக் கொண்டுவந்து விட்டிட்டாங்கள். வாழைப்பழம் எல்லாம் கறுத்துப் போச்சு."

காற்றாம்! அன்றைக்கு இங்கே ஒரு இலை அசையவில்லை. மரம் இல்லைதான், ஆனாலும் சொல்கிறேன். அப்படியே இறங்க முடியாவிட்டால் என்ன? அடுத்த விமான நிலையத்தில் இறங்கி ஒரு பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கலாமே? மனம் இருந்தால் வந்திருப்பான். தூரம் என்பது வராதவன் சொல்கிற சாட்டு, தம்பி. வீட்டில் இருந்துகொண்டு காற்று, பனி என்று சொல்வதற்கு யாருக்குத்தான் தெரியாது? இந்த வடக்கில் இருக்கிற எங்கள் சனம் எல்லாம் இப்படித்தான். செத்த வீட்டுக்குப் போகாவிட்டால் பிளேன். கடன் கேட்டால் பிளேன். துப்ப வேண்டும்போல இருக்கும்.

பிள்ளை அப்படியில்லை. ஆரணி நல்ல பிள்ளை. போன கிழமை அவளே தொலைபேசி எடுத்தாள்.

"மாமா, என்ர தலையில இன்னும் வெங்காய மணம் போகேல்லை. இந்தமுறை அறுகு நீங்கள்தான் கொண்டு வரவேணும். என்னை மணவறைக்குக் கூட்டிக்கொண்டு போறதும் நீங்கள்தான். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சொல்லிப்போட்டன்."

"பாப்பம் பிள்ளை. காற்று எப்பிடியோ தெரியாது."

"காற்றைப் பற்றி நான் கேக்கேல்லை. ஏர்போட்டில நான் வந்து நிப்பன்."

"கல்யாணப் பொம்பிளை ஏர்போட்டில நிக்கிறதோ?"

"நிப்பன். மேளந்தான் இல்லை மாமா. கார் ஹோனை அடிக்கிறன், மேளம் எண்டு நினைச்சுக்கொண்டு இறங்குங்கோ."

சிரித்துவிட்டேன், உண்மையைச் சொன்னால். தொலைபேசியை வைத்த பிறகும் சிரித்தேன். பிறகு யோசித்தேன். மேளக் கதை அவளுக்கு எப்படித் தெரியும்? திலகம் சொல்லியிருக்கிறாள். வீட்டில் கூடியிருந்து பலகாரம் சுடச்சுட என்னைப் பற்றிக் கதைத்துச் சிரித்திருக்கிறார்கள். அதுவும் போகட்டும். கூப்பிட வேண்டியது யார்? பிள்ளையா? தகப்பன் அல்லவா வந்து நிற்க வேண்டும்?

இன்று காலை திலகம் அங்கேயிருந்து எடுத்தாள். "பிளேன் வருமாம். வாறியளோ, இல்லாட்டி நாதனை வேட்டி கட்டச் சொல்லட்டோ?" என்றாள். பின்னால் சனம் சிரிக்கிற சத்தம் கேட்டது. நாதனின் சிரிப்பும் கேட்டது, எனக்கு அது தெரியும். இப்படிக் கேட்டால் மனிசன் எப்படிப் போவான்? நீங்களே சொல்லுங்கள்.

என்ன, எழும்பிவிட்டீர்கள்? கூப்பிடுகிறாளா? இங்கே ஒருத்திதான், டிக்கெட்டைப் பார்ப்பவளும் அவள், வெளியே போய் பிளேனுக்குக் கை காட்டுபவளும் அவள். என்ன சொல்கிறாள்? ஸ்கார்விக்கில் காற்று அடங்கிவிட்டதாமா? துணிக்குழாயைப் பார்த்தேன், பார்த்தேன். நனைந்த காலுறை மாதிரித் தொங்குகிறது. அதை நம்பாதீர்கள். இப்படித்தான் தொங்கும், நடுவழியில் போனதும் எழும்பும்.

நீங்கள் போங்கள், தம்பி. உங்களுக்குத் தொழில். எனக்கு என்ன அவசரம்? வில்வராசா இப்போது எடுக்கவும் கூடும். எடுத்து, மச்சான், நானே ஏர்போட்டில நிக்கிறன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் படியில் ஏறிவிடுவேன். இன்னும் கொஞ்சம் நேரம் கதவு திறந்துதான் இருக்கும்.

அவள் என் பெயரைச் சொல்கிறாளா? சொல்லட்டும். நோர்வேக்காரிக்கு என் பெயர் வாயில் வராது. அது வேறு யாரோ.

தம்பி, கொஞ்சம் நில்லுங்கள். இதைக் கொண்டுபோங்கள். வாங்குங்கள், பாரம் இல்லை. அங்கே இறங்கியதும் வாசலில் ஒரு பெண் பிள்ளை நிற்பாள். கை நிறைய மருதாணி போட்டிருப்பாள், மேலே பனிச் சட்டை போட்டிருப்பாள், கார் ஹோன் அடித்துக்கொண்டு நிற்பாள். அவள் கையில் கொடுங்கள். வேறு ஒருத்தரிடமும் கொடுக்காதீர்கள், நாதனிடம் கொடுக்கவே வேண்டாம். மாமா எங்கே என்று கேட்பாள். காற்று, பிளேன் ஸ்கார்விக்கில் இறங்கவில்லை என்று சொல்லிவிடுங்கள். அவளுக்கு இந்த ஊர்களைத் தெரியும், விளங்கிக்கொள்வாள்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? போங்கள், கதவைப் பூட்டப்போகிறாள். மூடியை மட்டும் இறுக்கிவிடாதீர்கள், அதுவும் மூச்சு விட வேண்டும். துணியை இப்போதுதான் நனைத்தேன். தண்ணீர் ஒன்றும் தெளிக்கத் தேவையில்லை. இருபத்தைந்து நிமிடம்தானே, அதற்குள் காயாது.